படகில் வடக்கு எழுதினவன்

உங்களில் ஒருவர் போன வாரம் எனக்கு ஃபோன் செய்தார். கண்காணிப்புப் பிரிவில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறதாம். பின்னால் யாரோ டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது. ராக்கெட் கிளம்புவதற்கு முன்னால் நீங்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து டிக் அடிக்கிற பட்டியல் இருக்கிறதே, அதில் பதினேழாவது வரி யாருக்கும் புரியவில்லை என்றார். மின்சாரம் சரியா, ஆன்டெனா சரியா, கடிகாரம் சரியா என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் பட்டியலில் திடுதிப்பென்று "யாராவது சிரித்தார்களா?" என்று ஒரு கேள்வி. இத்தனை வருடமும் எல்லோரும் "இல்லை" என்று டிக் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்களாம். டைப் அடித்தவர் யாரோ விளையாட்டுக்குச் சேர்த்திருக்கிறார் போல, எடுத்துவிடலாமா சார் என்று கேட்டார்.

எனக்கு வந்த சிரிப்பில் ஃபோன் கை நழுவி ரசக் கிண்ணத்தில் விழப் பார்த்தது. என் மனைவி ஓடிவந்து தலையில் தட்டினாள். அந்த வரியைச் சேர்த்த புண்ணியவான் நான்தான். ஆனால் அது ஃபோனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். நடுவில் செல்ஃபோனை நோண்டினால் எனக்குத் தெரிந்துவிடும்.

கண்காணிப்புக் கப்பல் என்றால் உங்கள் கண்ணில் என்ன தெரியும்? வெள்ளை வெளேரென்று ஒரு கப்பல், மேலே பெரிய பெரிய உருண்டைகள், உள்ளே ஏசி, வரிசையாகத் திரைகள். நல்லது. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு இருந்தது ஒரு படகு. அறுபதுகளில் அது பக்கிங்ஹாம் கால்வாயில் சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போய்வந்தது. பிறகு சுண்ணாம்புக் கிளிஞ்சல் சுமந்தது. பிறகு அத்திப்பட்டுப் பக்கம் கால்வாய்க் கரையில் ஒரு வருடம் பாதி முழுகிக் கிடந்தது. அந்த நிலையில் அதை எங்கள் அலுவலகம் எடுத்து, தார் பூசி, உள்ளே ஒரு ஜெனரேட்டரும் கூரைமேல் ஒரு ஆன்டெனாவும் வைத்து, "கண்காணிப்புக் கலம் இரண்டு" என்று பெயர் சூட்டியது. கலம் ஒன்று என்று எதுவும் கிடையாது. இரண்டு என்று வைத்தால்தான் கோப்பில் பார்க்க நன்றாக இருக்கும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் அந்தக் கலம் முழுக்கச் சுண்ணாம்பு நாறும்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. சொந்த ஊர் கடம்பத்தூர். ரேடியோ மெக்கானிக் படித்திருந்தேன். படகில் ஏற்றுவதற்கு முன்னால் நான்கு மாதம் கும்மிடிப்பூண்டியில் ஒரு தகரக் கொட்டகையில் பயிற்சி கொடுத்தார்கள். பக்கத்தில் ஒரு ரைஸ் மில். தவிட்டுத் தூசியில் தும்மிக்கொண்டே நாங்கள் விண்வெளிக்குத் தயாரானோம். கொட்டகையின் கூரைமேல் ஆன்டெனா இருந்தது. அதைத் திருப்ப ஒரு சக்கரம், ஏற்றி இறக்க இன்னொரு சக்கரம். சக்கரத்தைச் சுற்றித் தரையில் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று பெயின்டில் எழுதி, நடுவில் கோடு கோடாக அளவு போட்டிருக்கும். ராக்கெட் எந்த நொடியில் எந்தத் திசையில் இருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்ட பட்டியல் ஒன்று உண்டு. இன்ஜினியர் அதைப் படிப்பார், நான் கோட்டைப் பார்த்துத் திருப்புவேன். கொட்டகையில் நான் சூரன். ஆகாய விமானம், காக்கா, ஒரு தடவை அறுந்துபோன பட்டம், எதையும் விட்டதில்லை.

எங்கள் இன்ஜினியரைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பது வயது, கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சட்டை, படகிலும் பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ. கரையில் கட்டிப்போட்ட படகில் ஏறினாலே அவருக்கு வாந்தி வரும். பக்கத்தில் ஒரு பக்கெட் எப்போதும் இருக்கும். ஆனால் தங்கமான மனுஷன். ஆன்டெனாவைக் கொட்டகையிலிருந்து கழற்றிப் பழவேற்காட்டில் கட்டியிருந்த படகுக்கு மாற்றியபோது அவர் ஒரே ஒரு உத்தரவுதான் போட்டார். கொட்டகையில் எப்படி இருந்ததோ இங்கேயும் இம்மி பிசகாமல் அப்படியே இருக்க வேண்டும்.

நானும் இம்மி பிசகவில்லை. படிக்கிற காலத்தில் லீவு நாட்களில் திருவள்ளூர்க் கடைகளுக்குப் போர்டு எழுதிச் சம்பாதித்தவன் நான். படகின் கூரைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு, அளவு நாடா வைத்து, வெள்ளைப் பெயின்டில் எழுதிச் சிவப்பில் நிழல் கொடுத்து, படகின் மூக்குப் பக்கம் "வடக்கு" என்று எழுதினேன். பிறகு கிழக்கு, தெற்கு, மேற்கு. எழுத்து அவ்வளவு அழகாக அமைந்தது. இன்ஜினியர் பக்கெட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்து, பிரமாதம் என்று சொல்லிவிட்டு மறுபடியும் பக்கெட்டுக்குப் போனார்.

உங்களில் சிலர் இப்போதே சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். படகில், அதுவும் தண்ணீரில் மிதக்கிற படகில், பெயின்டால் வடக்கு எழுதியதை நினைத்து நாங்கள் யாரும் மூன்று மாதம் சிரிக்கவில்லை. ஏனென்றால் நாங்கள் ஆன்டெனாவைத் திருப்பிப் பழகியபோதெல்லாம் படகு முன்னும் பின்னும் கயிறு போட்டு ஒரே மாதிரிதான் கட்டியிருக்கும். அதன் மூக்கும் எப்போதும் வடக்கேதான் இருக்கும்.

சிரித்தவர் ஒரே ஒருவர். படகை ஓட்டுகிற கன்னியப்பன். பழவேற்காட்டுக்குப் பக்கத்துக் குப்பத்துக்காரர், என் வயதுதான். நான் "வடக்கு" எழுதி முடித்து எழுந்தபோது அவர் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு இன்ஜின் அறைக்குள் இறங்கிப் போனார். அங்கிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது. சிவப்பு நிழலைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்து இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எதற்குச் சிரித்தாய் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மானம் போய்விடுமாம்.

பிறகு ஒரு நாள் அவரே வீட்டிலிருந்து மடவை மீன் குழம்பு கொண்டுவந்து வைத்தார். அதற்கு மேல் எவ்வளவு நேரம்தான் கோபமாக இருப்பது.

இப்போது பாடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இனி நடந்தது புரியாது. பழவேற்காட்டு ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் நல்ல இடங்கள் சில உண்டு. நீர் ஏறும்போது மீன் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை போட்டால் வெட்டுக்குத்து ஆகிவிடும். அதனால் குப்பத்துக்காரர்கள் பங்கு பங்காகப் பிரிந்து, சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்தப் பங்குக்காரர்கள், நாளைக்கு அந்தப் பங்குக்காரர்கள் என்று முறை வைத்திருந்தார்கள். அதுதான் பாடு. யாருக்கு எந்த நாள் என்பது ஒரு பட்டியலில் இருக்கும். உங்கள் நாள் தவறிப்போனால் போனதுதான், மறு சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பெயர் இருப்பவன்தான் ஏரிக்காரன்.

எங்கள் ராக்கெட் நாளும் கன்னியப்பனின் பங்குக்காரர்களுடைய பாடும் ஒரே நாளில் வந்து மோதின. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. ராக்கெட் விடுகிற நாளில் முகத்துவாரத்தை விடியலிலேயே அடைத்துவிடுவோம், ஒரு படகும் போகக் கூடாது. முதல் தடவை, நாங்கள் கரையிலிருந்து கிளம்புவதற்கு முன்பே மேலே வானத்தில் காற்று சரியில்லை என்று ஒத்திவைத்தார்கள். இரண்டாம் தடவை, கரையிலேயே எங்கள் ஜெனரேட்டர் இருமி இருமி நின்றுபோனது. ராக்கெட்டும் போகவில்லை, அவர்களுக்கு மீனும் இல்லை. இரண்டு நாளும் அறிவிப்பு வரும்வரை அவர்கள் மணல்திட்டில் வலையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

குப்பத்தில் கூட்டம் போட்டுப் பேசிவிட்டார்கள். பேசியது வேறு யாரும் இல்லை, கன்னியப்பனின் சொந்த அண்ணன் தேசப்பன். பங்குக்கு அவர்தான் தலைவர். அரசாங்கப் படகில் ஏறிக்கொண்டு நம் பாட்டையே அடைக்கிறான், மூன்றாவது தடவையும் பாடு போனால் பட்டியலில் அவன் பெயரை அடித்துவிடுவோம் என்று முடிவு. கன்னியப்பன் அதை என்னிடம் சொன்னது மூன்றாவது தடவைக்கு முதல்நாள், நாஷ்டா சாப்பிடும்போது. தட்டில் இட்லி அப்படியே இருந்தது.

"எங்க நைனா செத்தப்போ எனக்கு வந்த எடம் சார் அது. அத்த அடிச்சிட்டா, அப்பறம் இந்த ஏரில நானும் ஒண்ணு, வேடிக்க பாக்க வர்றவனும் ஒண்ணு" என்றார்.

நான், நாளைக்கு நூற்றுக்கு நூறு ராக்கெட் போய்விடும், கவலைப்படாதே என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது ராக்கெட் நாளும் அவர்கள் பாடு நாளிலேயே விடிந்தது. முகத்துவாரத்துக்கு உள்ளே ஆழம் குறைந்த இடத்தில் நங்கூரம் போட்டோம். அந்த இடத்திலிருந்து பார்த்தால் வடக்கே, ராக்கெட் விடுகிற தீவில் நடப்பட்ட சிவப்பு வெள்ளைக் கம்பம் ஒன்று தெரியும். மேப்பில் அதுதான் எங்களுக்கு நேர் வடக்கு. அப்போது ஏரித் தண்ணீர் வடக்கிலிருந்து வடிந்து கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒற்றை நங்கூரத்தில் நிற்கிற படகு நீரோட்டத்துக்கு எதிராகத்தான் மூக்கை நீட்டும். ஆகவே படகின் மூக்கு கம்பத்துக்கு நேராக, நான் எழுதிய வடக்கு நிஜ வடக்குக்கு நேராக, கச்சிதமாக இருந்தது. இன்ஜினியர் கைகுலுக்கினார். மணல்திட்டில் தேசப்பனும் முப்பது பேரும் வலையோடு உட்கார்ந்து எங்களை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு ராக்கெட்டின் மண்டைக்குள் ஒரு கருவி போனது. அதைச் செய்தவர் ஒரு கல்லூரி வாத்தியார். அதற்கு முந்தின மாதம் எங்கள் படகில்தான் தீவுக்கு வந்தார். கருவிப் பெட்டியை மடியில் வைத்தவர் ஒரு நிமிஷம்கூடக் கீழே வைக்கவில்லை. கன்னியப்பன் கொடுத்த கஞ்சியை ஒரு கையாலேயே குடித்தார். அந்தக் கருவி மேலே போய் ஆறு நிமிஷம் பேசும், பிறகு கடலில் விழுந்துவிடும். அந்த ஆறு நிமிஷமும் ஆன்டெனா அதன் பக்கம் இருந்தால்தான் பேச்சு காதில் விழும். பக்கவாட்டிலிருந்து அதைக் கேட்பதற்கென்றே எங்களை அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

நேரம் நெருங்கியது. தீவிலிருந்து ஒவ்வொரு இடமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்கள் முறை வந்ததும் நான் மைக்கில், கலம் இரண்டு தயார் என்றேன். நான்கு மாதம் தகரக் கொட்டகையில் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. மூளையைக் கேட்காமலே வாயிலிருந்து வந்துவிடும். நீங்கள் பட்டனைத் தட்டுகிற மாதிரிதான்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். காலையிலிருந்து வலது கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்த வெயில் மூக்குமேல் அடித்தது. முதலில் ஒன்றும் தோன்றவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால், சிவப்பு நிழல் போட்ட என் அழகான "வடக்கு", அதற்கு நேர் மேலே சூரியன். கம்பம் எங்கே என்று தேடினேன். இடது தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. கடலிலிருந்து நீர் ஏற ஆரம்பித்துவிட்டது. படகு சாவகாசமாக மூக்கைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. மணல்திட்டில் இருந்த முப்பது பேரும் அந்தத் தண்ணீர் திரும்புவதற்காகத்தான் காத்திருந்தார்கள். மொத்த முகத்துவாரத்திலும் அதைக் கவனிக்காதவர்கள் நானும் இன்ஜினியரும் மட்டும்தான்.

இன்ஜினியருக்குச் சைகை காட்டினேன். அவர் வடக்கைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், பக்கெட்டை எடுத்துக்கொண்டார். திசைகாட்டி இருந்தது, ஆனால் ஜெனரேட்டர் ஓடினால் அது பம்பரம் மாதிரி சுற்றும். பின்பக்கம் போட இன்னொரு நங்கூரம் இருந்தது. கனம் குறையட்டும் என்று அதைக் கரையில் இறக்கி வைத்தது நாங்களேதான். படகு இன்ஜினைப் போட்டுப் பிடிக்கலாம் என்றால், இன்ஜின் ஓடும்போது இயர்ஃபோனில் கரகரப்பு தவிர வேறு எதுவும் கேட்காது. கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றால் படகு இன்னும் திரும்பிக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் என் மனசில் வந்ததை மறைக்காமல் சொல்கிறேன். பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. ராக்கெட் போய்விடும். முகத்துவாரம் திறந்துவிடும். கன்னியப்பன் பெயர் பட்டியலில் நிற்கும். சிக்னல் பலவீனமாக இருந்தது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அந்தக் காலத்தில் பாதி ரிப்போர்ட்டில் அதுதான் இருக்கும். ஒரு ஈ காக்கா கேட்காது. வாயைத் திறந்தால் எல்லாம் நின்றுபோகும், மூன்றாவது பாடும் போகும். நான் சொல்லாமல் இருப்பதற்கு எவ்வளவு நல்ல காரணம் பாருங்கள், சிநேகிதனுக்காக. என்னை நானே மெச்சிக்கொள்ள இருந்தேன்.

அதற்குள் கன்னியப்பன் கூரைக்கு ஏறி வந்துவிட்டார். படகு திரும்புவது அவருக்கு எப்போதோ தெரியும். அது எங்களுக்கு ஒரு பிரச்சினை என்பதுதான் என் முகத்தைப் பார்த்த பிறகு தெரிந்தது. நிலைமையை இரண்டே வரியில் சொன்னேன். மைக் பட்டனை விட்டுவிட்டுத்தான்.

"சொன்னா நிறுத்திடுவாங்களா?" என்று கேட்டார்.

"நிறுத்துவாங்க. இன்னிக்கே மறுபடி ஆரம்பிப்பாங்களான்னு தெரியாது."

"சொல்லலன்னா?"

"ராக்கெட் போயிடும். உன் பாடு தப்பிச்சிடும். நமக்கு ஒண்ணும் கேக்காது."

அவர் மணல்திட்டைப் பார்த்தார். தேசப்பன் எழுந்து நின்று, இடுப்பில் கைவைத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னியப்பன் துண்டை அவிழ்த்துத் தலையில் இறுக்கிக் கட்டினார்.

"அந்த வாத்தியாரு பொட்டி அதுல கீதில்ல? சொல்லிடுங்க சார். டைம் மட்டும் கொஞ்சம் வாங்குங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கூரையிலிருந்து நேராகத் தண்ணீரில் குதித்தார்.

நான் பட்டனை அழுத்தினேன். கலம் இரண்டு தயார் இல்லை, தயார் என்று சொன்னது தப்பு என்றேன். தீவிலிருந்து காரணம் கேட்டார்கள். படகு சுற்றிக்கொண்டது என்றேன். பிறகு வேறொரு குரல், கனத்த குரல், பதினைந்து நிமிஷம் தருகிறோம், அதற்குமேல் இன்றைக்கு இல்லை என்றது.

மணல்திட்டில் கன்னியப்பன் அண்ணனிடம் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. கைகள் மட்டும் ஆடின. அவர் என்ன சொன்னார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இந்தப் படகு ஆடாமல் நின்றால் இன்றைக்கே உன் பாடு உனக்கு, ஆடினால் என் பெயரை நீயே அடித்துவிட்டுப் போ என்றிருக்கிறார்.

அடுத்து நான் பார்த்ததை என் பேரப்பிள்ளைகள் இன்றும் நம்புவதில்லை. முப்பது பேரும் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, வலைக் கழிகளையும் கயிறுகளையும் எடுத்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் எங்களை நோக்கி நடந்து வந்தார்கள். எங்கள் படகைச் சுற்றி ஆள் நிற்கக் கூடாது என்று தடைப் பட்டியலில் இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று யார் யோசித்திருப்பார்கள்? நீரோட்டத்துக்கு இந்தப் பக்கம் கழி ஊன்றி, அந்தப் பக்கம் கயிறு இழுத்து, மிச்சம் பேர் இரண்டு பக்கமும் தோளைக் கொடுத்துப் படகைத் திருப்ப ஆரம்பித்தார்கள். நான் கூரையில் குப்புறப் படுத்து, என் எழுத்துக்குமேல் ஒரு கண்ணை வைத்துக் கம்பத்தைக் குறி பார்த்தேன். கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று கத்தினேன். பாதிப் பேர் என்னைப் பார்த்து நின்றார்கள், மீதிப் பேர் எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். எல்லோருக்கும் இடது வேறு வேறு.

"பன பக்கமா, கடல் பக்கமா, அத்த சொல்லுய்யா" என்று தேசப்பன் கீழேயிருந்து அதட்டினார்.

அதற்குப் பிறகு, ஒரு பக்கம் கரையில் நின்ற பனை மரம், மறுபக்கம் கடல் என்று வைத்து, பனை, கடல், பனை, கடல் என்று கத்தினேன். மூக்கு மெல்ல மெல்ல வந்து கம்பத்தில் நின்றது. வடக்கு வடக்காகிவிட்டது. பட்டனை அழுத்தி, கலம் இரண்டு தயார் என்றேன். இந்தத் தடவை அது என் வாய் சொன்ன வார்த்தை இல்லை, கண் பார்த்துச் சொன்ன வார்த்தை.

ராக்கெட் கிளம்பியது. முதலில் வெளிச்சம்தான் தெரியும், சத்தம் நிதானமாகப் பின்னால் வரும். அந்தச் சத்தம் வந்ததும் முப்பது பேரும் அண்ணாந்தார்கள். படகு லேசாக ஆடியது. எனக்கு உயிர் போனது.

"மேல இன்னாடா பார்வ? மூக்கப் பாருங்கடா" என்று தேசப்பன் ஒரு அதட்டுப் போட்டார். முப்பது தலையும் இறங்கின. தங்கள் தலைக்கு மேலே போன ராக்கெட்டைப் பார்க்காமல், ஒரு படகின் மூக்கையே ஆறு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார்கள் அவர்கள்.

இன்ஜினியர் பட்டியலைப் படித்துக்கொண்டே ஏற்ற இறக்கச் சக்கரத்தைச் சுழற்றினார். நான் திசைச் சக்கரத்தைச் சுழற்றினேன். இயர்ஃபோனில் கீச் கீச்சென்று அந்தச் சின்னக் கருவி பேச ஆரம்பித்தது, கோழிக்குஞ்சு மாதிரி. சந்தோஷத்தில் எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. வாயை மூடிக்கொண்டேன், பதிவுக்கான மைக் திறந்திருந்தது, ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது நிமிஷத்தில் கீழே ஒருவரின் கால்விரலை நண்டு கவ்விக்கொண்டது. மகராசன் படகை விடவில்லை. நண்டை, நண்டின் தாயாரை, நண்டின் வம்சத்தை எல்லாம் திட்டிக்கொண்டே தோளைக் கொடுத்து நின்றார். அந்த ஒலிநாடா இன்றும் எங்கேயாவது இருக்கும். வானத்தின் விளிம்பிலிருந்து வந்த சிக்னலோடு அந்த வசவும் நிமிஷக் கணக்காக அதில் பதிவாகியிருக்கிறது. வாத்தியார் அதைப் பல தடவை போட்டுக் கேட்டாராம். முதல் பாதி ஆராய்ச்சிக்கு, இரண்டாம் பாதி சந்தோஷத்துக்கு.

ஆறு நிமிஷம் முடிந்தது. கீச்சுச் சத்தம் நின்றது. முகத்துவாரம் திறந்தாகிவிட்டது என்று தீவிலிருந்து சொன்னார்கள். நான் அதைக் கீழே கத்தினேனோ இல்லையோ, முப்பது பேரும் ஒரே நேரத்தில் கையை விட்டுவிட்டு வலையைப் பார்த்து ஓடினார்கள். நன்றி சொல்லக்கூட விடவில்லை. நீர் ஏற்றம் நல்ல வேகத்தில் இருந்தது. பிடித்துவைத்திருந்த படகு விட்ட மாத்திரத்தில் சர்ரென்று சுற்றியது. வடக்கு கிழக்கே போய், தெற்கே போய், ஆடிக்கொண்டே திரும்பி வந்தது. நானும் இன்ஜினியரும் ஆன்டெனாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூரைமேல் சுற்றினோம். அப்போது மட்டும்தான் அவர் படகில் வாந்தி எடுக்கவில்லை. குழந்தை மாதிரி கெக்கெக்கே என்று சிரித்தார். ஒரு ஷூ தண்ணீரில் விழுந்து மிதந்து போனது, அதற்கும் சிரித்தார்.

பத்து நாள் கழித்து மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. படகு ஏன் சுற்றியது? இன்ஜினியர் பதில் எழுதினார்: "அது படகு என்பதால்." கீழே, வடக்கு எழுதச் சொன்னது தான்தான் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பெயரை அதில் சேர்க்கவில்லை. சேருங்கள் சார் என்று நான்தான் மல்லுக்கட்டிச் சேர்க்க வைத்தேன்.

ராக்கெட் போன அன்று மதியமே கன்னியப்பன் ஈரத் துணியோடு படகுக்கு வந்தார். கையில் ஒரு கூடை மடவை. அவர் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கிறது என்று கூடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கூரைமேல் என் எழுத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் கேட்டேன், இதை நான் எழுதின அன்றைக்கு நீ எதற்கு அப்படிச் சிரித்தாய் என்று.

"படகுல வடக்கு எய்தினா சிரிக்காம இன்னா பண்ணுவாங்க?"

"அப்பவே ஏன்பா சொல்லல?"

"நீங்கள்லாம் ராக்கெட் உடறவங்க சார். இதுல நமக்குப் புரியாத கணக்கு எதுனா இருக்கும்னு நெனச்சிக்கினேன்" என்றார். பிறகு எழுத்தைத் தடவிக்கொண்டே, முதல் தடவையாக என்னை ஒருமையில் கேட்டார். "நான் சிரிச்சத நீயும்தான் பாத்த. இன்னாத்துக்குடா சிரிக்கறன்னு ஒரு வார்த்த கேட்டியா?"



அன்று சாயங்காலமே சரிபார்க்கும் பட்டியலில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன். முதலில் அது "கன்னியப்பன் சிரித்தாரா?" என்றுதான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் தயார் என்று சொல்வதற்கு முன்னால் அவரைக் கூரைக்குக் கூப்பிடுவேன். அவர் ஒரு சுற்று வந்து எல்லாவற்றையும் பார்ப்பார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, சிரிப்பு வரலை என்று அறிவிப்பார். இன்ஜினியர் டிக் அடிப்பார். ஒரே ஒரு தடவை கன்னியப்பன் நிஜமாகவே சிரித்துவிட்டார். ஆன்டெனாவை இழுத்துக் கட்டுகிற கயிற்றை நான் நங்கூரக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தேன். அவர் ஓய்வு பெற்ற பிறகு யாரோ பெயரை எடுத்துவிட்டு "யாராவது" என்று போட்டிருக்கிறார்கள். மேலேயும் கீழேயும் புது வரிகள் சேர்ந்து பட்டியல் நீண்டு நீண்டு, அன்றைய கடைசி வரி இன்று பதினேழாவது வரி ஆகியிருக்கிறது.

கலம் இரண்டை உடைத்தபோது கூரைப் பலகையைக் கன்னியப்பன் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் வீட்டு வாசல் கதவு அதுதான். கதவில் சிவப்பு நிழலோடு "வடக்கு" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது கிழக்குப் பார்த்த வீடு. கதவைத் திறந்தால் அந்த வடக்கும் சுவர் பக்கம் திரும்பிவிடும். வருகிற விருந்தாளி எல்லோரும் கேட்பார்கள், அவரும் அலுக்காமல் முதலிலிருந்து சொல்வார்.

சரி, ஃபோன் செய்த பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும். வரியை எடுப்பதும் வைப்பதும் உங்கள் இஷ்டம் அம்மா. எனக்கு அதில் உரிமை கிடையாது. ஆனால் நீங்கள் பதினேழாவது வரியைப் படித்துக் காட்டி, இதை எடுத்துவிடலாமா என்று என்னிடம் கேட்டபோது, டீ ஆற்றுகிற சத்தம் சட்டென்று நின்றது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஃபோனிலேயே எனக்கு நன்றாகக் கேட்டது.

அது யார்? எதற்குச் சிரித்தார் என்று திரும்பிக் கேட்டீர்களா?